சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: பன்னிரண்டு வருடக் கொமிட்டுகளை எதில் ஏற்றுவது?

தோட்டத் தொழிலாளரின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் மென்பொருளில் ஒரு வரியைக் காட்டி, "அண்ணே, அரைப்பேருக்கும் ஏன் ஈரக் கழிவு பிடிக்கிறோம்? இதைத் தூக்கிடவா?" என்று கேட்டான் புதிதாகச் சேர்ந்த தம்பி. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம், ஈரக் கழிவு என்றால் கொழுந்தின் ஈரத்துக்காக நிறையில் குறைப்பது. ஏன் பிடிக்கிறோம் என்று எனக்கும் ஞாபகமில்லை. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு சேமித்துவைக்கும் சப்வெர்ஷனில் தேடினால் ரிவிஷன் 1184, அதாவது 1184ஆவது மாற்றப் பதிவு (கொமிட்): "மழை நாளில் கொழுந்து ஈரம், அரைப்பேருக்கும் கழிவு உண்டு, கணக்கப்பிள்ளை சொன்னது." அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அன்றைக்கே வரி போயிருக்கும்.

அதனால் ஹட்டனில் எங்கள் சிறிய அலுவலகம் அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு மாறியபோது, கடைசி நிலையை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அரை நாள் வேலைதான். பழைய சேவரைப் படிக்க மட்டும் விட்டுவைக்கலாம். ஆனால் மலையில் இடி மின்னல் காலத்தில் எந்தப் பழைய சேவரை நம்புவது?

வரலாற்றையும் சேர்த்துக் கொண்டுபோக அடுத்த வழி கிட் எஸ்விஎன். கிட்டோடு சேர்ந்தே வரும் கருவி. ஒவ்வொரு ரிவிஷனாக இழுப்பதால் ஆமை வேகம். நடுவில் கரண்ட் போனால் பரவாயில்லை, திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதலில் ரெப்போவை, அதாவது கோப்புகளும் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, உள்ளூர்க் கணனிக்குப் பிரதி எடுத்து அதிலிருந்து இழுத்தால் நேரம் நிறைய மிச்சம். சப்வெர்ஷன் பயனர் பெயருக்கு நேரே முழுப்பெயரும் மின்னஞ்சலும் எழுதிய பட்டியலைக் கொடுக்க வேண்டும். பட்டியலில் ஒருவர் விடுபட்டாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தோட்டத்தில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை, இங்கே பேர் இல்லாவிட்டால் கொமிட் இல்லை.

கொமிட் செய்தியின் அடியில் கிட் எஸ்விஎன் பழைய ரிவிஷன் எண்ணோடு ஒரு வரி சேர்க்கும். அசிங்கமாக இருக்கிறது என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். எங்கள் குறிப்புப் புத்தகம் முழுக்க "1184 பார்க்க" என்றுதான் இருக்கிறது, ஒவ்வொரு கொமிட்டுக்கும் கிட் தரும் நீண்ட எண்ணை வைத்துக்கொண்டு அதை எங்கே தேடுவது?

குறையும் உண்டு. டேக்குகள் (ஒரு பதிப்பைக் குறித்துவைக்கும் பெயர்கள்) கிளைகளாக, அதாவது தனியாக வளரும் பிரதிகளாக, வந்து நிற்கும். இன்னொன்று என்னை நன்றாகவே அலைக்கழித்தது. சம்பளச் சீட்டு எழுதும் கோப்புறை சப்வெர்ஷனில் வெறுமையாக இருந்தது. என் மடிக்கணனியில் கருவியே அதை உருவாக்கிவிட்டதால் எல்லாம் ஓடியது. மற்றவர்கள் கிட்டிலிருந்து எடுத்தபோது கோப்புறையைக் காணோம், ஏனென்றால் கிட் வெற்றுக் கோப்புறையைச் சேமிக்காது. அரை நாள் போனது. வெற்றுக் கோப்புறைகளில் ஒரு கோப்பை வைத்துக் காப்பாற்றும் தெரிவு ஒன்று இருக்கிறது, முதலிலேயே போடுங்கள்.

எஸ்விஎன்2கிட் என்ற பெயரில் இரண்டு கருவிகள் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ரூபியில் எழுதியது கிட் எஸ்விஎன்னுக்கு மேல் போர்த்திய சட்டைதான். டேக்குகளைச் சரிசெய்து தரும், அந்த அளவில் நல்லது. கேடிஈ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தார் தங்கள் நிரலைக் கிட்டுக்கு மாற்ற உருவாக்கியது வேறு ரகம். ரெப்போ அதே கணனியில் இருக்க வேண்டும், எந்தப் பாதை எந்தக் கிளைக்கு என்று விதிக்கோப்பு எழுத வேண்டும். எழுதி முடித்தால் பறக்கும். எங்கள் நிறுவை மென்பொருளில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோப்புறை, நடுவில் இரண்டு முறை இடம் மாற்றியது வேறு. அதற்கு இதுதான் சரிப்பட்டது. நேர்கோட்டில் வளர்ந்த செக்ரோலுக்கு கிட் எஸ்விஎன் போதும்.

எரிக் ரேமண்ட் என்ற நிரலாளரின் மாற்றுக் கருவியான ரெப்போசர்ஜன் பற்றியும் கேட்பீர்கள். 2020 ஜனவரியில் நிரலைக் கணனி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் வரலாற்றைக் கிட்டுக்குக் கொண்டுபோனது அதுதான். அவ்வளவு பெரிய ரெப்போவைத் தாங்கவே பைத்தனிலிருந்து கோ மொழிக்கு மாற்றி எழுதினார்கள். மூன்று பேர் வேலை செய்யும் அறைக்கு அது கொஞ்சம் அதிகம்.

இரண்டு ரெப்போவும் இப்போது கிட்டில். பெயர்ப் பட்டியலில் "டெம்ப்2" என்ற கணக்கு யாருடையது என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 40 கொமிட் போட்டிருக்கிறார், எல்லாமே ஒழுங்கான வேலை.