டெமோ இலவசம்தான், அதற்கு அப்புறம் நடந்ததுதான் செலவு

முதலில் அவசரமான விஷயம். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் இருக்கும் என் அக்கவுண்டிலிருந்து "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு" என்று உங்களில் யாருக்காவது லிங்க் வந்திருந்தால் அழுத்த வேண்டாம். அதை அனுப்பியது நான் இல்லை. ஏற்கெனவே அழுத்தி லாகின் விவரத்தையும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பதிவைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அக்கவுண்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பக்கத்துக்குப் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் அக்கவுண்டை வெளியேற்றுங்கள். வெப் ஏபிஐ கீ (வெளி மென்பொருள்கள் ஸ்டீமோடு பேச உதவும் குறியீடு) என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் நீங்கள் போடாத பதிவு ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அப்புறம் வாருங்கள்.

சரி, நடந்த கதை.

எனக்கு ரோம் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்த கரூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எப்போதோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன ஒரு டெமோவை, அதாவது கேமின் ஒரு பகுதியை மட்டும் இலவசமாக ஆடிப் பார்க்கக் கொடுப்பதை, ஒரு சனிக்கிழமை ராத்திரி திறந்தேன். எக்ஸ்பெடிஷன்ஸ்: ரோம். டென்மார்க்கைச் சேர்ந்த லாஜிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் செய்த கேம், 2022 ஜனவரியில் வெளியானது. இதே வரிசையில் ஸ்பானியப் படையெடுப்பை வைத்து ஒன்று, வைக்கிங்குகளை வைத்து ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு செய்திருந்தார்கள்.

ரோமில் அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். உயிர் பிழைக்க வேண்டுமே என்று மகன், ரோமானியத் தளபதி லூகுல்லஸின் படையோடு கிழக்கே கப்பலேறுகிறான். மகளாகவும் ஆடலாம், அப்போது சுற்றியிருப்பவர்களின் பேச்சே மாறிவிடுகிறது. போய் இறங்கும் இடம் லெஸ்பாஸ் தீவு, முற்றுகையில் இருக்கும் மிட்டிலீனி நகரம். கருங்கடல் கரையில் இருந்த பொன்டஸ் நாட்டின் அரசர் மித்ரிடேட்டஸுடன் ரோமுக்கு இருந்த பகைதான் பின்னணி. இளவயது சீசரும் அங்கே நடமாடுகிறார். இது சும்மா சேர்த்த ஆள் இல்லை. கி.மு. 80 வாக்கில் மிட்டிலீனி முற்றுகையில் சீசர் உண்மையாகவே இருந்தார். சக குடிமகனின் உயிரைக் காத்தவருக்குத் தரும் ஓக் இலைக் கிரீடத்தை அங்கேதான் வாங்கினார். அதைக் கொடுத்தவர் மினுசியஸ் தெர்மஸ் என்ற தளபதி. கேமில் லூகுல்லஸை முன்னால் நிறுத்திவிட்டார்கள், போகட்டும்.

சண்டை அறுகோணக் கட்டங்களில் நடக்கிறது. நம் ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் எதிரியின் முறை. அதனால் யாரை முதலில் நகர்த்துவது என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். வீரர்கள் நான்கு வகை. கேடயம் பிடித்து முன்னால் நிற்கும் பிரின்செப்ஸ், ஓடிப்போய் வெட்டும் வேலிஸ், வில்லாளி சாஜிட்டேரியஸ், ஈட்டியோடு நின்று மற்றவர்களுக்குத் தோள் கொடுக்கும் ட்ரையாரியஸ். எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, கேடயத்துக்கென்று தனியாகத் தாங்கும் அளவு இருக்கிறது. அது தீரும் வரை அடி உடம்புக்குப் போகாது. கேடயத்தை எப்படி உடைப்பது, இல்லை எப்படிச் சுற்றிப்போய் அடிப்பது என்பதே ஒரு தனிக் கணக்கு. இரண்டாவது, ஆயுதத்தைப் பொறுத்துத் திறமை மாறுகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாள்களில் ஒன்றுக்கு இருக்கும் வெட்டு இன்னொன்றுக்கு இருக்காது. கூடுதல் சேதம் தரும் வாள் கிடைத்தாலும் கையில் இருப்பதைக் கைவிட மனசு வராது.

மூட்டையில் சேரும் சாமான்களைப் பிரித்து வைப்பதுதான் ரோதனை. பரண் சுத்தம் செய்கிற மாதிரி இருந்தது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு டெமோ முடிந்துவிட்டது. நகரத்துக்குள் நுழையும் வழி புரிந்து, ஆட்களின் சுபாவம் பிடிபட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம். அப்போது பார்த்துத் திரையில் கடைப் பக்கத்தின் படம் வந்து நின்றது. இதில் தவறு எதுவும் இல்லை, டெமோ என்றால் அப்படித்தான். ஆனால் நான் ஏமாந்தது அந்த அரை மணி நேரத்துச் சூட்டில்தான். காலையில் எழுந்து யோசித்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். மாதக் கடைசி, முழு விலை கட்டுப்படியாகவில்லை. தள்ளுபடி வரும்வரை காத்திருக்கவும் பொறுமை இல்லை. கேம் பெயரோடு "குறைந்த விலை" என்று சேர்த்துத் தேடினேன்.

தேடியதில் ஒரு டெலிகிராம் குழு கிடைத்தது. பெயரைப் போடவில்லை, அவர்கள் பெயரை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். உள்ளே போனால் "வாங்கிட்டேன் ப்ரோ, சூப்பர் ப்ரோ" என்று வரிசையாக ஸ்க்ரீன்ஷாட்டுகள். நான் கேட்டதும் வந்த பதிலும் இன்னும் போனில் இருக்கின்றன. கீ என்பது கேமை நம் அக்கவுண்டில் ஏற்றும் குறியீடு.

"ஸ்டீம் கீ தானே ப்ரோ?"

"ஆமா ப்ரோ. லைஃப்டைம். 449 போடுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

யுபிஐயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. என்னிடம் பேசியவனின் பெயர் வேறு. பின் போடுவதற்கு முன்னால் திரை அந்தப் பெயரைக் காட்டத்தான் செய்தது. நான் தொகையை மட்டும் பார்த்தேன். இந்த மாதிரி ஆட்கள் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள்.

ஐந்து நிமிடத்தில் வந்தது கீ இல்லை, ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும். கூடவே ஒரு குறிப்பு: இந்த அக்கவுண்டில் நுழையுங்கள், கேமை இறக்குங்கள், உடனே ஆஃப்லைன் மோடுக்குப் போய்விடுங்கள், எக்காரணம் கொண்டும் திரும்ப ஆன்லைன் வராதீர்கள். அதாவது ஒரே ஓர் அக்கவுண்டில் கேமை ஒரு தடவை வாங்கிவிட்டு, அதே பாஸ்வேர்டை வருகிறவனுக்கெல்லாம் விற்கிறார்கள். ஒரே வீட்டுச் சாவியைப் பத்துப் பேரிடம் கொடுத்து எல்லோரிடமும் அட்வான்ஸ் வாங்குவது மாதிரி. ஸ்டீம் விதிப்படி அக்கவுண்டை விற்கவும் கூடாது, இப்படிப் பகிரவும் கூடாது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் ப்ரோ ஆடுறாங்க" என்றான். அப்போதே விட்டிருக்க வேண்டும். 449 தானே, ஆடும் வரை ஆடுவோம் என்று இறக்கினேன். இந்தப் பங்கு என் தப்பு, மறுக்கவில்லை.

மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் விண்டோஸ் அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் எழுந்தபோது ஸ்டீம் மறுபடி லாகின் கேட்டது. பாஸ்வேர்டு தவறு என்றது. அவனுக்கு எழுதினேன். கத்துவான், இல்லை பிளாக் செய்வான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. ரொம்பப் பணிவாக மன்னிப்புக் கேட்டான்.

"சாரி ப்ரோ, அந்த அக்கவுண்ட் போயிடுச்சு. உங்களுக்கு மட்டும் ஒரிஜினல் கீயே தர்றேன். 200 மட்டும் போடுங்க, உங்க சொந்த அக்கவுண்ட்லயே ஏறிடும்."

கெட்ட அக்கவுண்டைக் கொடுத்தவன் இப்போது நல்லது செய்கிறான் என்று நினைத்தேன். இன்னும் 200 போட்டால் முதலில் போட்ட 449 வீணாகாது என்ற கணக்கு வேறு. போட்டேன். ஒரு லிங்க் வந்தது. பார்க்க அச்சு அசல் ஸ்டீம் பக்கம், நடுவில் க்யூஆர் கோடு. "மொபைல் ஆப்ல ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டு தடவை கேட்கும், ரெண்டுக்கும் ஓகே கொடுங்க" என்றான்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், பலருக்கும் தெரிவதில்லை. அந்தக் க்யூஆர் கோடு பொய் இல்லை. ஸ்டீமின் உண்மையான லாகின் கோடுதான். என்ன வித்தியாசம் என்றால், அது அவனுடைய கம்ப்யூட்டரில் திறந்த லாகின். அதை அப்படியே எடுத்துப் போலிப் பக்கத்தில் எனக்குக் காட்டுகிறான். நான் ஸ்கேன் செய்து சம்மதம் கொடுத்தால் உள்ளே போவது நான் இல்லை, அவன். பாஸ்வேர்டே தேவையில்லை. சம்மதம் கேட்கும்போது ஆப்பில் எந்த ஊரிலிருந்து லாகின் என்று காட்டும். எனக்கும் காட்டியது. கரூரும் இல்லை, தமிழ்நாடும் இல்லை, வாயில் நுழையாத ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். படித்தேன், ஆனால் மண்டைக்குள் போகவில்லை. இரண்டு தடவையும் ஓகே.

கீ வரவில்லை. சாயங்காலம் என் அக்கவுண்டில் என்னால் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் மாறியிருந்தன. ராத்திரி சித்தி மகன் போன் செய்தான்.

"என்னங்ணா, ஏதோ டீமுக்கு ஓட்டுப் போடச் சொல்லி லிங்க் அனுப்பிருக்கீங்க? நீங்க எப்பங்ணா ஷூட்டிங் கேம் ஆட ஆரம்பிச்சீங்க?"

நல்லவேளை, அவனுக்கு என் ரசனை தெரியும். இன்னொரு நண்பருக்கு அது தெரியாததால் அவருடைய அக்கவுண்டும் போனது. 649 ரூபாய் போனதற்கு நான் வருத்தப்படவில்லை, அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அக்கவுண்டை மீட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஸ்டீம் சப்போர்ட் பக்கத்தில் "என் அக்கவுண்ட் திருடுபோனது" என்ற வழி இருக்கிறது, லாகின் இல்லாமலே போகலாம். அக்கவுண்ட் உன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். முன்பு பணம் கட்டிய விவரம் தரலாம். கடையில் டிஸ்க்காக வாங்கி அந்த அக்கவுண்டில் ஏற்றிய கேம் இருந்தால் அதன் கீயைப் போட்டோ எடுத்தும் அனுப்பலாம். நான் பணம் கட்டிய பழைய கார்டு எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, 2013இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டோட்டல் வார்: ரோம் 2 பெட்டி. அம்மா அதைப் பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள் என்றே நினைத்தேன். பீரோவுக்கு மேலே, கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருந்தது. கீ அச்சடித்த தாளில் புகார் எண்ணைப் பேனாவால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் அக்கவுண்ட் திரும்பி வந்தது. ஸ்டீம் வாலட்டில் இருந்த சில்லறையும், அக்கவுண்டில் வருஷக்கணக்காகச் சேர்ந்த கேம் பொருட்களும் காலி.

பணத்துக்காக 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்தேன், இணையதளத்திலும் புகார் பதிந்தேன். ஆனால் நான் கூப்பிட்டது ஐந்து நாள் கழித்து. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்கு முன்னால் சொன்னால்தான் வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். சின்னத் தொகைதானே, யாரிடம் போய்ச் சொல்வது என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். நீங்கள் அன்றைக்கே கூப்பிடுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

உண்மையான கீயே மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய கீகள் இந்தச் சந்தையில் சுற்றுகின்றன. கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கினால், கீ ரத்தாகி கேம் உங்கள் லைப்ரரியிலிருந்து போய்விடலாம். வேறு நாட்டுக்கென்று விற்ற கீ இங்கே ஏறாமலும் போகலாம். அதைவிட எளிதான வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் தள்ளுபடி வரும்போது மெயில் வரும். விலையும் ரூபாயிலேயே இருக்கிறது, யுபிஐயும் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான்.

விஷ்லிஸ்ட் மெயில் வந்த பிறகு கேமை என் அக்கவுண்டிலேயே வாங்கிவிட்டேன். கள்ள அக்கவுண்டில் ஆடிய மூன்று நாளின் சேவ் எங்கே இருக்கிறது என்று தேடவில்லை, மறுபடி கப்பலில் இருந்தே தொடங்கினேன். இந்த முறை மகளாக. லீஜன் என்ற ரோமானியப் படைப்பிரிவை மொத்தமாக மோதவிடும் பெரிய சண்டைகள் எனக்கு ஏமாற்றம், உத்தியைச் சீட்டு மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. ஆனால் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்தும் சின்னச் சண்டைகள் டெமோவில் பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன.

நேற்று அவனிடமிருந்து மறுபடி ஒரு செய்தி. வேறு எண், வேறு பெயர், அதே பணிவு. "ப்ரோ, வீக்கெண்ட் ஆஃபர் போகுது, ஏதாவது வேணுமா?" ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, புகாரோடு சேர்த்துவிட்டேன்.