தங்கை படிப்புக்கு எந்தப் பணம்: டெல்லியா, சென்னையா, பெரிய வீடா?

என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. 2022இல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். இப்போது அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறாள். பி.ஏ. சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதியதும் அதற்காக அலைந்ததும் நான்தான். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து, "எங்க பிள்ளைக்கு எதுக்குப் போடலாம்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மத்திய அரசு தேசிய உதவித்தொகைத் தளம் வழியாகக் கொடுக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை; எங்கள் வீட்டில் அதற்கு 'டெல்லிப் பணம்' என்று பேர். இரண்டாவது, தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை கொடுக்கும் தொகை. மூன்றாவது, அப்பா காவல் பார்க்கும் பெரிய வீட்டுச் செட்டியார் குடும்பத்தின் அறக்கட்டளை. நாங்கள் எடுத்தது இரண்டாவதை. கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

எதற்குப் போட்டாலும் முதலில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை வேண்டும். அதில் எழுத்தும் இலக்கமுமாக 18 இடம் கொண்ட எண் இருக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால்தான் இந்த உதவிகளுக்குக் கணக்கில் வரும். சான்றிதழில் 'நிரந்தரம்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். தற்காலிகம் என்று போட்டிருந்தால் காலம் முடிந்ததும் மறுபடி மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும்.

மத்திய அரசுத் தொகையில் பல துண்டுகள் சேர்ந்திருக்கின்றன. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு, வீட்டிலிருந்து போய்வருபவர்களுக்கு மாதம் 650 ரூபாய், விடுதியில் இருந்தால் 950. பொறியியல், மருத்துவம் என்றால் 750, விடுதிக்கு 1,600. புத்தகத்துக்கு வருஷம் 1,500. இது போக, பார்வையற்றவர்களுக்கு வருஷம் 4,000, மற்றப் பல வகையினருக்கு 2,000. இதற்கு மேல் கல்விக் கட்டணத்தை வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை திருப்பித் தருவார்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது.

மாநில அரசுத் தொகை ஒரே எண்தான். 2022இல் இரட்டிப்பாக்கினார்கள். அதன்படி பட்டப்படிப்புக்கு வருஷம் 12,000, முதுகலைக்கும் தொழிற்படிப்புக்கும் 14,000. வருமான வரம்பு இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு: பட்டப்படிப்புக்கு 5,000, முதுகலைக்கு 6,000. பாடத்தை வாசித்துச் சொல்லும் ஆளுக்கான பணம் அது.

சரி, தங்கைக்குக் கூட்டிப் பார்ப்போம். கல்வியாண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தால் டெல்லிப் பணம் 6,500, அதோடு 4,000, அப்புறம் புத்தகத்துக்கு 1,500. மொத்தம் 12,000. மாநில அரசில் 12,000மும் வாசிப்பாளருக்கு 5,000மும் சேர்த்து 17,000. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்கே விளங்கியது. 'சென்ட்ரல் கவர்மென்ட் பணம்தான் பெரிசு' என்று எல்லோரும் சொன்னதை நானும் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கட்டணம் குறைவான கல்லூரியில், வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு அது பெரிசு இல்லை. இரண்டையும் சேர்த்து வாங்கவும் முடியாது. வேறு உதவித்தொகை வாங்கினால் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மத்தியத் திட்டத்தின் விதி.

ஆனால் பணக் கணக்கைவிட, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. உதவித்தொகை ஒரு தடவை கிடைத்தால் அதோடு முடிந்துவிடுவதில்லை. மூன்று வருஷப் படிப்பில் மூன்று தடவை அதைக் காப்பாற்ற வேண்டும். எது எளிதில் கைவிட்டுப் போகும், எது போகாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வருஷம் நாங்கள் போட்டது டெல்லிக்குத்தான். வருமானச் சான்றிதழிலேயே வேலை தொடங்கியது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கை மாறிப் போகும். நாங்கள் குடியிருப்பது பெரிய வீட்டின் பின்கட்டில். முன்பக்கம் பார்த்தால் பர்மா தேக்குத் தூண்கள், முகப்பு, வளவு எல்லாம் இருக்கும். எங்களுக்கு அதில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும்தான். விசாரிக்க வந்தவர் வாசலிலேயே நின்று, "இந்த வீட்டுல இருந்துக்கிட்டா வருமானம் கம்மிங்கறீங்க?" என்று கேட்டார். அப்பா சம்பளச் சீட்டு எழுதி வாங்கிவந்து காட்டிய பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்களில் அடுத்தவர் வீட்டைக் காத்துக்கொண்டு குடியிருக்கிற குடும்பங்கள் நிறைய. அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். வீட்டு உரிமையாளரிடம் ஒரு கடிதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அடுத்தது கல்லூரி. தேசியத் தளத்தில் மாணவர் போட்ட விண்ணப்பத்தைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தன் கணக்கில் உள்ளே போய்ச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அதற்கு மேல் இன்னொரு மட்டத்தில் சரிபார்ப்பு. கல்லூரி அழுத்த வேண்டிய பொத்தானைக் கடைசி நாளுக்குள் அழுத்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. அந்தக் கல்லூரியில் பொறுப்பில் இருந்தவர் மாறுதலாகிப் போனார். புதியவருக்கு உள்நுழையும் எண் வரவில்லை. நான் மூன்று தடவை நேரில் போனேன். மூன்றாவது தடவை போனபோது தேதி முடிந்திருந்தது. தங்கையின் மதிப்பெண்ணிலோ தாள்களிலோ ஒரு குறையும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வேகிறது.

இந்த இரண்டு சோதனையையும் தாண்டினாலும் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. பிளஸ் ஒன் முதல் முதுகலை வரைக்குமான இந்தத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் 17,000 இடங்கள்தான். அதில் பாதி பெண்களுக்கு.

எம்.ஏ. சேர்ந்தபோது மறுபடி டெல்லிப் பக்கம் பார்த்தோம். இப்போது தளத்தில் ஒருமுறைப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதார் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவா, கண்ணைச் சிமிட்டு என்று திரையில் எழுத்தில் சொல்கிறது. பார்வையில்லாத பெண்ணுக்கு வட்டம் எங்கே தெரியும்? நான் போனைப் பிடிக்க, அவள் முகத்தைத் திருப்ப, ஏழாவது முயற்சியில்தான் ஏற்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதையொட்டிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் அடையாளச் சரிபார்ப்பு மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், டிஜிட்டல் வசதியைப் பெறுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு செயலிக்கும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். பதிவு முடிந்த பிறகு எம்.ஏ. கணக்கையும் போட்டுப் பார்த்தோம். டெல்லியில் மாதம் 700 வீதம் பத்து மாதம், மற்றது சேர்த்து 12,500. இங்கே 14,000மும் 6,000மும் சேர்த்து 20,000. அதோடு டெல்லி விண்ணப்பத்தை விட்டுவிட்டோம்.

மாநில அரசுத் தொகைக்கும் வருஷா வருஷம் போட வேண்டும்தான். ஆனால் நாங்கள் கொடுத்தது அடையாள அட்டை நகல், மதிப்பெண் பட்டியல், கல்லூரியில் படிக்கிறாள் என்ற சான்று, பாஸ்புக் நகல், போட்டோ. அவ்வளவுதான். வருமானச் சான்றிதழ் இல்லை என்பதாலேயே பாதி அலைச்சல் போனது. சிவகங்கை கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. தாளை அங்கே கையில் கொடுத்தேன். எது குறைகிறது என்று அங்கேயே சொன்னார்கள், அன்று மாலையே சரி செய்தேன். கணினித் தளத்தில் 'நிலுவை' என்று மூன்று மாதம் நிற்கிற சொல்லைவிட, எதிரே உட்கார்ந்து "இதுல கையெழுத்து விட்டுப்போச்சும்மா" என்று சொல்கிற ஒரு மனுஷர் எங்களுக்கு எவ்வளவோ மேல். இதற்காகப் போக வரக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், ஒரு நாள் சம்பளம் போகும். அதை மறைக்கவில்லை. கோனாபட்டு, ராயவரம் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை மாவட்ட அலுவலகம்தான் பொறுப்பு. தெரியாமல் சிவகங்கைக்கு வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. அரசுப் பணம் ஆதார் வழியாக வரும்போது, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராமல் போகலாம். நடுவில் ஒரு முகாமில் தங்கைக்கு இன்னொரு கணக்கு திறந்திருந்தோம், அதை மறந்தும் போனோம். பணம் செலுத்தியாகிவிட்டது என்று சொன்னார்கள், பாஸ்புக்கில் இல்லை. மூன்று வாரம் தேடிய பிறகு அந்த மறந்த கணக்கில் கண்டுபிடித்தேன். படிப்பு முடியும் வரை ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ. படித்தபோது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வந்தது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. மாநில உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆக, அந்த வருஷங்களில் அவள் கையில் வருஷத்துக்கு 29,000. பணம் எந்த மாதம் வரும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால் வந்தது, இன்னொரு வருஷம் தேர்வு நெருங்கும்போது வந்தது.

டெல்லிப் பணம் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. கட்டணம் லட்சத்தைத் தொடும் தனியார் கல்லூரி, விடுதி, தொழிற்படிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒன்றரை லட்சம் வரை கட்டணம் திரும்பி வரும் திட்டம்தான் சரி. தொழில்நுட்பப் படிப்புக்கு ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் சக்ஷம் உதவித்தொகை வருஷம் 50,000. அதற்கு வருமான வரம்பு 8 லட்சம். ஐஐடி, என்ஐடி போன்ற அறிவிக்கப்பட்ட நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு உயர்தரக் கல்வித் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு, அதில் 300 இடங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது, அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. விடுதியில் தங்கிப் படிக்கிற உறவுக்காரப் பையன் ஒருவன் டெல்லிப் பணம் வாங்குகிறான். அவன் கல்லூரியில் அந்தப் பொறுப்பு அலுவலர் விடாமல் பின்தொடர்பவர் என்று சொன்னான். சேர்வதற்கு முன்னாலேயே அந்த அலுவலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடனைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. வங்கியில் 4 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் உண்டு, படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கலாம். பி.ஏ. தமிழுக்கு அது தேவைப்படவில்லை.

பெரிய வீட்டு ஆச்சி நல்லவர். தங்கை பிளஸ் டூ முடித்த வாரமே கூப்பிட்டு, "ஏத்தா, நாங்க கட்டுறோம், நீ எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையுறே?" என்றார். கல்விக்குக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாக வருவது. அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கலைக் கல்லூரி தொடங்கினார், 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம் வந்தது. அறக்கட்டளைப் பணத்துக்குச் சான்றிதழ் வேண்டாம், தளம் வேண்டாம், ஒரே நாளில் வரும். ஆனால் அடுத்த வருஷமும் போய் நிற்க வேண்டும், அதற்கடுத்த வருஷமும். அப்பா இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார். சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டிய நேரத்தில், பிள்ளை படிப்புக்கு வாங்கியிருக்கிறோமே என்று வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தங்கையும் சொல்லிவிட்டாள்: "அக்கா, எனக்குச் சட்டப்படி வரவேண்டியது இருக்குல்ல? அதை வாங்கிக் குடு." அதனால் ஆச்சியிடம் வருஷக் கட்டணம் கேட்கவில்லை. ஒரே தடவைச் செலவான லேப்டாப்பை மட்டும் கேட்டோம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு அதில்தான் இப்போது கட்டுரை எழுதுகிறாள். அறக்கட்டளை உதவியை அப்படி ஒரே தடவைச் செலவுக்கு வாங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

வாசிப்பாளர் பணம் எங்கே போகிறது என்றும் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து திண்ணையில் உட்கார்ந்து சங்கப் பாடல்களையும் உரையையும் வாசிப்பாள். தங்கை போனில் பதிந்து வைத்துக்கொள்வாள். பி.ஏ. நாட்களில் மாதம் 500 கொடுத்தோம், பத்து மாதத்துக்கு அந்த 5,000 சரியாகப் போயிற்று. இப்போது 600. அரசுப் பணம் தாமதமானாலும் அந்தப் பெண்ணுக்கு மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறோம். அவளும் அடுத்த வருஷம் கல்லூரியில் சேரப் பணம் சேர்க்கிறாள்.