கீச்சனுக்கு ஸ்கோப்பா, பைனாகுலரா?

ராஜஸ்தானில் பலோடிக்குப் பக்கத்தில் இருக்கும் கீச்சன் கிராமத்துக்குப் பெருங்கொக்குகளைப் பார்க்க இரண்டு முறை போய்வந்திருக்கிறேன், இரண்டுமே பிப்ரவரிக் கடைசியில். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அங்குள்ள ஈரநிலம் 2025ல் சேர்ந்தது. முதல் முறை நண்பரிடம் இரவல் வாங்கிய 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) முக்காலியும் கொண்டுபோனேன். அடுத்த முறை 8×42 பைனாகுலர் மட்டும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ் கொண்டது. இனி எப்போது போனாலும் பைனாகுலர்தான்.

எடையையும் விலையையும் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பைனாகுலர் முக்கால் கிலோ. ஸ்கோப்பும் முக்காலியும் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு கனம், நல்லதாக வாங்கினால் விலையும் அப்படியே.

என் முடிவைத் தீர்மானித்தது கானல். மங்கோலியா, கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்து வலசை வரும் டெமாய்செல் பெருங்கொக்குகள், ஊரார் தானியம் இறைக்கும் வேலிக்குள் இறங்குவதற்கு முன் வெளியே மணலில் கூடி நிற்கும். அந்த விடிகாலையில் ஸ்கோப்புக்கு ஈடு இல்லை. சிவந்த கண், அதன் பின்னால் தொங்கும் வெள்ளை இறகுக் கற்றை, மார்பில் வழியும் கறுப்பு இறகுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன.

பத்து மணிக்கு மேல் குளக்கரைக்குப் போனேன். தரை சூடேறி அதன்மேல் காற்று நெளியத் தொடங்கியிருந்தது. 40 மடங்கில் கொக்குகளின் கால்கள் கரைந்து ஒழுகின. 60ல் கொக்கையே காணோம், சாம்பல் நிறப் புகைதான். ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருகித் திருகி விரல் வலித்ததுதான் மிச்சம். பறவையைப் பெரிதாக்கும் கண்ணாடி நடுவிலுள்ள காற்றின் நடுக்கத்தையும் கூடவே பெரிதாக்குகிறது. எவ்வளவு காசு கொட்டி வாங்கினாலும் அந்தக் காற்றை என்ன செய்வது? எட்டு மடங்கில் அதே நடுக்கம் அவ்வளவாக உறுத்துவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கானலைக் கிளப்பும் அந்தச் சூடுதான் பறவைகளையும் மேலே தூக்குகிறது. வெப்பக்காற்று எழும் இடத்தில் கொக்குகள் சிறகை விரித்தபடி வட்டமடித்து உயரும், கழுகுகளும் அப்படித்தான். அண்ணாந்து பார்க்கும்போது தரைக்கானல் தொல்லை குறையும் என்பது உண்மை. ஆனால் ஸ்கோப்பின் குறுகிய வட்டத்துக்குள் சுழலும் கூட்டம் நிற்குமா? பிடிப்பதற்குள் நழுவிவிடுகிறது. பைனாகுலரில் கூட்டம் முழுவதும் அடங்குகிறது.

தூசியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதி: லென்ஸைத் துணியால் துடைக்கும் முன் மணலை ஊதித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீறல் நிச்சயம். முக்காலிக்கு மட்டும் கூடுதல் தலைவலி உண்டு, அதன் கால் பூட்டுகளில் மணல் புகுந்துவிடும்.

பறவைகளை அடையாளம் காண ஆய்வாளர்கள் மாட்டும் கால் வளையத்து எழுத்துகளைப் படிக்க வேண்டியவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அவர்களுக்கு விடிகாலையும் ஸ்கோப்பும்தான் சரி. 10×42 எடுக்கலாமா என்று கேட்டால், ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்ததை நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டிசம்பர், ஜனவரிக் குளிரில் கானல் குறைவாகவே இருக்கும், அப்போது கணக்கு மாறலாம்.

இரவல் முக்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் ஒரு கால் முழுதாக மடங்காது என்பதை நண்பர் இன்னும் கவனிக்கவில்லை.