மாலைதீவா, சிங்கப்பூரா, சமுயா? வன்னியிலிருந்து மூன்று தலைமுறையோடு புறப்படுகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் அம்மா அப்பா, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைகள், நடுவில் ஓடித்திரிகிற பேரப்பிள்ளைகள். இப்படியான குடும்பங்கள் இப்போது ஊரில் கூடுவதோடு நிறுத்தாமல், எல்லோருமாக வெளிநாட்டில் ஒரு கிழமை நல்ல ஹோட்டலில் நிற்க விரும்புகின்றன. காசைப் பற்றி யோசிப்பதில்லை, ஹோட்டல் படத்தைப் பார்த்து இடத்தை முடிவுசெய்கிறார்கள். இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டுமா, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம், விமானம் இறங்கியபின் அறைக்குப் போய்ச் சேர எவ்வளவு பாடு என்ற மூன்றும் படத்தில் தெரியாது. பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றிலொன்றால்தான்.

விசாவில் தொடங்குவோம். கனடா, பிரிட்டன் பாஸ்போட்காரருக்கு இந்த இடங்களில் சிக்கல் இல்லை. அம்மாவின் இலங்கைப் பாஸ்போட்டுக்கு எந்தக் கதவு திறக்குமோ அதுதான் முழுக் குடும்பத்துக்கும் வழி. மாலைதீவு வந்திறங்கியதும் 30 நாள் விசாவை இலவசமாகக் குத்தும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்பியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் இலங்கையர் முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, போய் இறங்க முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் சரி. இரண்டும் அரசாங்கத் தளத்தில் இலவசம். காசு கேட்கிற தளம் வேறு யாரோ நடத்துவது, மூடிவிடுங்கள். சமுய் தீவு இருக்கிற தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையை விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கிற அன்றே ஒருமுறை பாருங்கள். 2025 மே முதல் அவர்களும் இணைய வருகை அட்டை கேட்கிறார்கள். மலேசியாவுக்கும் டுபாய்க்கும் முன்கூட்டியே விசா வேண்டும். டுபாய் ஓகஸ்ட்டில் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். வயதானவர்களோடு அந்த மாதத்தில் அதைப் பற்றிக் கதைப்பதே வீண்.

சின்னப் பிள்ளைகளின் பாஸ்போட்டை எடுத்துப் பாருங்கள். இலங்கைப் பாஸ்போட் பெரியவர்களுக்குப் பத்து வருடம் போகும், பிள்ளைகளுக்கு மூன்று வருடத்துக்கு எடுத்தது எப்போதோ முடிந்திருக்கும். பயண நாளில் ஆறு மாதம் மிச்சம் இல்லாவிட்டால் விமான நிறுவனம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே மறிக்கக்கூடும்.

அடுத்தது காற்று. முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சோளகத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றில், மன்னார்ப் பக்கம் கடல் குமுறும்போது கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும், வாடை பிடித்தால் நேர்மாறு. தாய்லாந்துக்கும் இதே கணக்குத்தான். புக்கெட் மேற்குக் கரை. மே முதல் ஒக்டோபர் வரை அங்கே கடற்கரையில் சிவப்புக்கொடி பறக்கிற நாட்கள் அதிகம், பிள்ளைகள் நீச்சல் குளத்தோடு நிற்க வேண்டியதுதான். சமுய் கிழக்கே தாய்லாந்துக் குடாவில் இருக்கிறது. ஜூலை, ஓகஸ்ட்டில் பெரும்பாலும் வெயிலும் அடங்கிய கடலும். அதற்கு மழை ஒக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை போகும், நவம்பர் மிக மோசம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் எங்கள் பள்ளிக்கூட விடுமுறையும் சந்திக்கிற மாதம் ஓகஸ்ட் என்பதால் இந்த வேறுபாடு பெரிய வேறுபாடு. அந்த மாதத்தில் புக்கெட் மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

மாலைதீவுக்கும் மே முதல் ஒக்டோபர் வரை சோளகம்தான். நாள் முழுக்க மழை ஊற்றாது, ஆனால் காற்றும் அலையும் இருக்கும். நல்ல காலம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் நிற்பதானால் பல ரிசோட்டுகள் அந்த இரண்டு இரவும் விசேட விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கும். கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூருக்கு இப்படிப் பருவம் இல்லை. செப்டெம்பரில் அல்லது ஒக்டோபரில் வருகிற கார்ப் பந்தயக் கிழமையில் ஹோட்டல் விலை நன்றாக ஏறும்.

மாலைதீவுக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் போடவேண்டும், ஏனென்றால் இணையத்தில் தெரிகிற விலையும் கடைசியில் கட்டுகிற விலையும் இங்கேதான் அதிகம் விலகும். நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். ஒரு இரவுக்கு 500 அமெரிக்க டொலர்ப்படி இரண்டு வில்லா, நாலு இரவு: 4,000 டொலர். இதற்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 17 சதவீதச் சுற்றுலா வரி. ஆக 5,148. ரிசோட்டில் பசுமை வரி ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டொலர், இரண்டு வயதுக்குக் கீழே இல்லை. ஆறு பேருக்கு 288. மாலேயிலிருந்து ரிசோட் தீவுக்குக் கடல் விமானத்தில் போய்வரப் பெரியவருக்கு 500, பிள்ளைக்கு 250 என்று வைத்தால் 2,500. மொத்தம் 7,936. இன்னும் ஒருவரும் சாப்பிடவில்லை.

அந்தக் கடல் விமானம்தான் முதியவர்களோடு போகிறவர்களுக்கு உண்மையான சோதனை. பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்குப் பெரும்பாலும் கிடைக்காது, பக்கத்திலுள்ள ஹுலுமாலேயில் ஒரு இரவு தங்கவேண்டி வரும். எத்தனை மணிக்குப் பறக்கும் என்பதை முதல்நாள் பின்னேரம்தான் சொல்வார்கள். ஓய்வறையில் இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருப்பது சாதாரணம். ஏறுவது ஆடுகிற மேடையிலிருந்து, ஒடுங்கிய ஏணிப்படியில், குனிந்துகொண்டு. வீல்செயார் உள்ளே போகாது, ஏசி இல்லை, இரைச்சல் காதை அடைக்கும். பொதி வழமையாக ஆளுக்கு 20 கிலோவும் கையில் 5 கிலோவும். ரொறன்ரோவிலிருந்து ஆளுக்கு 23 கிலோப்படி இரண்டு பெட்டியோடு வருகிறவர் மிச்சத்துக்குக் காசு கட்டுவார்.

ஆகவே முழங்கால் வலியுள்ள அம்மாவோடு மாலைதீவுதான் வேண்டுமென்றால், ஸ்பீட்போட்டில் அரை மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே பவளத்தீவு ரிசோட்டை எடுங்கள். இரவிலும் ஓடும், செலவும் குறைவு. போட்டில் அவரைப் பின்பக்கம் இருத்துங்கள். முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிக் குத்தும், நாரி பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு மேல் நிற்கிற வில்லா படத்துக்கு அழகு, ஆனால் அதன் பலகைத் தளத்திலிருந்து படி நேரே கடலுக்குள் இறங்கும், பலவற்றில் தடுப்பு இல்லை. சில ரிசோட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழான பிள்ளைகளை அங்கே விடுவதேயில்லை. மணலோடு ஒட்டிய கடற்கரை வில்லாதான் குடும்பத்துக்குச் சரி. சாப்பாட்டுக்குக் குடிவகை சேர்ந்த முழுத் திட்டத்தை எடுத்து, குடிக்காத ஆட்களுக்கும் காசு கட்டாதீர்கள். மூன்று நேரச் சாப்பாடு மட்டும் போதும். சமையலறைகளில் இலங்கையர் பலர் வேலை செய்கிறார்கள், முதல்நாளே சொன்னால் சோறும் பருப்பும் தூள் போட்ட கறியும் வரும்.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய மதுப் போத்தலை மாலே சுங்கத்தில் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தருவார்கள். வழிபாட்டுச் சிலைகளையும் அனுமதிப்பதில்லை, அப்பம்மாவின் கைப்பையில் இருக்கிற சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது.

சிங்கப்பூரில் இந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. சாங்கியில் வீல்செயாரில் இறங்கினால் டாக்சி வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள், செந்தோசா என்ற உல்லாசத் தீவுக்கு அரை மணித்தியாலம். விலையில் 10 சதவீதச் சேவையும் 9 சதவீத வரியும் சேரும். 500 டொலர் அறை 600 ஆகும். அறைகள் சின்னன், பெரும்பாலும் மூன்று பேருக்கு மேல் விடமாட்டார்கள். இரண்டு அறைக்கு நடுவில் கதவு வேண்டுமென்றால் “கிடைத்தால் தருவோம்” என்ற பதிலை ஏற்காதீர்கள், உறுதி செய்து மின்னஞ்சல் வரட்டும். 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குக் காரில் பிள்ளை இருக்கை சட்டப்படி வேண்டும். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடுகிற தனியார் காருக்கு இல்லை. சாரதி பிள்ளையைக் கண்டதும் பயணத்தை ரத்துச் செய்வது இதனால்தான்.

கடற்கரை ஆசைக்குச் சிங்கப்பூர் சரிவராது. செந்தோசாவில் ரசா செந்தோசா மாதிரி மணலோடு ஒட்டிய நல்ல ஹோட்டல் இருக்கிறது, ஆனால் எதிரே கப்பல்கள் வரிசையாக நிற்கும். அதற்குப் பதிலாக எல்லா வயதுக்கும் ஒரு வேலை கிடைக்கும். நைட் சஃபாரியில் அம்மா ட்ராமில் இருந்தபடியே மிருகங்களைப் பார்க்கலாம். யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காவில் பெரிய ஓட்டங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. மம்மி ஓட்டத்துக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும், வீட்டிலேயே பிள்ளையை அளந்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சைவக்காரருக்கு சிராங்கூன் வீதியில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது. சிலோன் றோட்டில் இலங்கைத் தமிழர் நடத்துகிற செண்பக விநாயகர் கோயிலுக்கு ஒரு காலை போதும், அம்மாவுக்கு அதுவே பயணத்தின் பெரிய பகுதியாகிவிடும். வெத்திலையோடு போடுகிற புகையிலையை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை.

சமுய் இரண்டுக்கும் நடுவில். மூன்று அறையும் தனிக் குளமும் உள்ள வில்லா முழுவதையும் எடுக்கலாம், எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். மாலைதீவில் இரண்டு வில்லாவுக்குக் கட்டுகிற காசு இங்கே தாராளமாகப் போதும். விலைக்கு மேல் ஏறத்தாழ 18 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். “கடல் தெரியும்” என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மலைச்சரிவு, செங்குத்துப் பாதை, நிறையப் படி. சோங் மொன், போபுட், மேனாம் கரையோரங்களில் சமதரையாகத் தேடுங்கள். குளத்துக்கு வேலி இருக்காது, சின்னப் பிள்ளை இருந்தால் தற்காலிகத் தடுப்புக் கேளுங்கள். மரக்கறிச் சாப்பாட்டிலும் மீன்சாறு ஊற்றுவார்கள், “ஜே” என்று சொன்னால் ஊற்றமாட்டார்கள். கொழும்பு முதல் சமுய் வரை ஒரே டிக்கெட்டாக, பாங்கொக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் வழியாக எடுங்கள். அங்குள்ள மற்ற விமான நிலையமான டொன் முவாங்குக்கு மாறவேண்டிய தனி டிக்கெட் எடுத்தால் நகரத்தைக் கடந்து ஓடவேண்டும்.

ஓகஸ்ட் என்றால் சமுய். நடக்கவே கஷ்டப்படுகிற ஆள் இருந்தால் எந்த மாதமும் சிங்கப்பூர். தை, மாசியில் எல்லோரும் திடமாக இருந்தால் மாலைதீவு. எங்கள் தெரிவு இதுதான்.

எங்கே போனாலும் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வாகனத்தில் ஆறு ஏழு மணித்தியாலம். ஏ9 வழியாகத் தம்புள்ளை, குருநாகல், நீர்கொழும்பு. அல்லது மதவாச்சி தாண்டித் திரும்பி அனுராதபுரம், புத்தளம். விடிய விமானமென்றால் முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள், இரவிரவாக ஓடிவந்து நேரே விமானம் ஏறுகிற முதியவருக்குக் கால் வீங்கும். வீல்செயாருக்கு 48 மணித்தியாலம் முன்பே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்ட என்று சென்னை வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் போக நினைத்தால், எல்லோருக்கும் இந்திய விசா வேண்டும், சின்ன விமானத்தில் பொதியும் குறைவு, முதல் விமானம் பிந்தினால் அடுத்ததற்கு ஒருவரும் பொறுப்பில்லை.

காசு கட்டுவது ரொறன்ரோவில் இருக்கிற மகன், முதலில் போய் அறை எடுப்பது அம்மா அப்பா என்றால், சில ஹோட்டல்கள் கட்டிய கார்ட்டை நேரில் காட்டச் சொல்லும். வேறொருவருடைய கார்ட்டுக்கான ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே வாங்கி நிரப்பி அனுப்புங்கள். முற்பணத்துக்கு வேறாக இன்னொரு தொகையைக் கார்ட்டில் மறித்துவைப்பார்கள், அதற்கு இடமுள்ள கார்ட் முதலில் போகிறவரின் கையில் இருக்கட்டும்.