வாட்டர்லூவுக்கு 28 மி.மீ.யா, 6 மி.மீ.யா?

1815 ஜூன் 18-இல் நடந்த வாட்டர்லூ போரைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமீது ஆட விரும்புகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பொம்மையின் உயரத்தை.

28 மி.மீ. வீரனுக்கு முகம் உண்டு. நெப்போலியனின் காவற்படை வீரனுக்குக் கரடித்தோல் தொப்பியின் கீழ் மெல்லிய தூரிகையால் மீசை தீட்டி, கன்னத்தில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓடவிடுங்கள். அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும்போது அவன் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். அந்த மகிழ்ச்சிக்காகவே நான் இந்தக் கலைக்குள் வந்தேன். ஆனால் ஒருவனுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஐந்நூறு பேர் கொண்ட பட்டாலியனை இருபத்து நான்கு பொம்மைகளால் காட்டினாலும், ஆறடி மேசையில் போர்க்களத்தில் இருந்த ஹூகுமோன் பண்ணையை வைத்ததுமே இடம் தீர்ந்துவிடுகிறது.

6 மி.மீ.யில் முகம் இல்லை. நீலச் சட்டை, வெள்ளை வார், தோல் நிறத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்: பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படை முழுவதும் மேட்டை நோக்கி ஏறுகிறது, அப்பால் பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை காத்திருக்கிறது. தளபதி கண்ட களம் இதுதான்.

முழுப் போருக்கு நான் 6 மி.மீ.யையே சொல்வேன். பிரெஞ்சு வீரர்கள் புகுந்த ஹூகுமோனின் வடக்கு வாயிலைப் பிரிட்டிஷ் அதிகாரி மெக்டொனெலும் தோழர்களும் தள்ளி மூடிய அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் 28 மி.மீ.