டிரமிசு லாட்டே குடிச்ச கதை

எங்க ஏரியா செயின் காபி ஷாப் ஒண்ணுல, பேரு வேணாம், இந்த மாசக் கடைசி வரைக்கும் தான்னு போர்டு மாட்டி டிரமிசு லாட்டேன்னு ஒரு பால் காபி விக்கிறாங்க. தங்கச்சி ரீல்ஸ்ல பாத்துட்டு ஒரு வாரமா நச்சரிப்பு, சரின்னு கூட்டிட்டுப் போனேன். 345 ரூபா, அதுக்கு மேல 5% ஜிஎஸ்டி, ஆக 362. அந்தக் காசுக்கு மெஸ்ல ரெண்டு பேர் டிபன் சாப்ட்டு காபியும் குடிச்சிருக்கலாம், விடுங்க.

டிரமிசுன்றதே காபில ஊறுன இனிப்பு தானேங்க. இத்தாலிக்காரன் எஸ்பிரெஸ்ஸோங்கற கடுங்காபில பிஸ்கட்டை முக்கி அடுக்கி, மஸ்கார்போனே சீஸ், முட்டை மஞ்சக்கரு, சர்க்கரை எல்லாம் சேத்து அடிச்ச க்ரீமை மேல தடவி, கடைசில இனிக்காத கோகோ பவுடரைத் தூவுவான். அந்த ரெண்டு கசப்பும் இருக்கறதால தான் அவ்ளோ க்ரீமும் திகட்டாம உள்ள போகுது. இங்க என்னடான்னா காபிக் கசப்பைத் தூக்கிப் போட்டுட்டு இனிப்பை மட்டும் வெச்சிக்கிட்டாங்க. ஒரு ஷாட் எஸ்பிரெஸ்ஸோன்னா 30 மில்லி இருக்குமா, அதை அவ்ளோ பெரிய கப்புல பாலு ஐஸு சிரப்புக்கு நடுவுல ஊத்தினா காபி எங்க போச்சுன்னு தேடணும். முதல் வாய் ரோட்டுக்கடை பாதாம் பால், ரெண்டாவது வாய் எசன்ஸ்.

மேல இருக்கற க்ரீம் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, கெட்டியா, லேசா உப்பு தட்டி, செம. ஆனா குடிக்கும்போது மூச்சை இழுத்துராதீங்க, நான் இழுத்து கோகோ நேரா தொண்டைக்குப் போயி ரெண்டு நிமிஷம் இருமல், பக்கத்து டேபிள் ஆள் தண்ணி பாட்டிலை நீட்டுறாரு. அலங்காரத்துக்கு சொருகியிருந்த பிஸ்கட் அதுக்குள்ள ஊறி உடைஞ்சு அடில போயி உக்காந்துருச்சு, பேப்பர் ஸ்ட்ரா வேற, அடைச்சு நமுத்து ரெண்டா மடங்கிருச்சு.

சர்க்கரை கம்மி பண்ணித் தர முடியுமான்னு கவுண்டர்ல கேட்டேன். "சிரப்லயே கலந்து வருது சார், வேணா ஒரு ஷாட் எக்ஸ்ட்ரா போட்டுத் தரவா, 60 ரூபா." போடுப்பான்னுட்டேன். அதை ஊத்தினப்புறம் தாங்க அது டிரமிசு மாதிரியே இருந்துச்சு, முதல்லயே அப்படிக் குடுத்துருக்க வேண்டியது தானே!

தங்கச்சி நாலு போட்டோ எடுத்துட்டு பாதிலயே கப்பை என் பக்கம் தள்ளிட்டா. போறதா இருந்தா டபுள் ஷாட், ஐஸ் கம்மின்னு சொல்லுங்க, பிஸ்கட்டைத் தனியா தட்டுல வாங்கிக்கோங்க.