மூன்றாவது ரன்னில் விழிக்கும் டயர்

"டயர் எப்படி மச்சான், நானும் ஒரு செட் போட்டுக்கட்டுமா?" என்று நண்பன் கேட்டான். ஆட்டோகிராஸில், அதாவது கோன் வைத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டியில், இரண்டு சீசனாக என் காரில் ஓடும் டயர். போன சீசன் முழுக்க அவனும் இதே காரைத்தான் ஓட்டினான். இருந்தும் கேட்கிறான். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

டயரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 200 ட்ரெட்வேர் (தேய்மான எண்) வரிசையில் மலிவு விலைக்காரர்களில் ஒன்று, அவ்வளவுதான். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 போட்டவர்கள் முன்னால் போகிறார்கள் என்று எனக்கும் தெரியும், என் பர்ஸுக்கும் தெரியும். "எல்லாம் 200தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினேன். அந்த எண் வெறும் தேய்மானக் கணக்கு. பொதுச் சாலையில் கார்களை வரிசையாக 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு சேர்த்து அளந்து பார்த்து, கம்பெனியே தன் டயருக்குப் போட்டுக்கொள்வது. பிடிமானத்தைப் பற்றி அது வாயே திறக்காது. போட்டி விதிகளில் அடிக்கடி கண்ணில் படுவதால் நான்தான் அதைத் தரச் சான்றிதழ் ஆக்கிவிட்டேன்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். எங்கள் ஆட்டோகிராஸில் ஒரு ரன் 50 வினாடி, நாளைக்கு 5 ரன். காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, அடுத்தவன் தட்டிய கோனை ஓடி ஓடி நிமிர்த்தி வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிப்பது நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நாலு நிமிஷத்தில் இந்த டயர் தூங்குகிறது! முதல் ரன், கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு நேராகவே போகும். இரண்டாவது கோன் பம்பருக்கு அடியில் தரதரவென்று இழுபடும் சத்தம் கேட்கும். போச்சு, 2 வினாடி அபராதம். மூன்றாவது ரன்னில் அதே கோன், அதே வேகம், சொன்ன பேச்சுக் கேட்கும். இறங்கி டயரில் கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: காலையில் கருங்கல் மாதிரி இருந்த ரப்பரில் இப்போது நகம் பதியும், பொடிக்கல் அப்பிக்கொண்டிருக்கும். அடுத்த முறை நம்ம நம்பரைக் கூப்பிடுவதற்குள் மறுபடி ஆறத் தொடங்கிவிடும்.

காற்றைக் குறைத்தால் சீக்கிரம் சூடாகுமோ என்று 32 பிஎஸ்ஐ வரை இறங்கினேன். டயரின் ஓரத்தில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) இருக்கும் குட்டி முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தது. டயர் படுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கடைசியில் முன்பக்கம் 36 என்று நின்றது. டயரின் ஓரம் தேய்வது குறைந்தது. தூக்கம் குறையவில்லை. சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ரப்பர் இறுகியதில், முதல் சீசனில் ஒரு ரன்னோடு போனது இப்போது இரண்டு ரன் வரைக்கும் நீள்கிறது.

அநியாயமாகப் பேசக் கூடாது. விழித்த பிறகு இது பேசும். பிடி விடுவதற்கு முன் அடித்தொண்டையில் ஒரு உறுமல், எல்லைக்கு வந்ததும் கிறீச்சென்று ஏறும். காதை வைத்தே வளைவை ஓட்டலாம். ஒருநாளும் திடீரென்று கைவிட்டதில்லை. பட்டன் தேயத் தேய ஸ்டியரிங் இன்னும் கூர்மையானதும் நான் எதிர்பார்க்காதது. ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்தச் சத்தத்தில்தான் என்றால் மிகையில்லை.

போன சீசனில் நண்பன் சேர்ந்துகொண்டான். ஒரே காரில் இரண்டு பேர், நான் முதலில், அவன் அடுத்து. நான் குளிர்ந்த டயரில் கோனைத் தட்டிவிட்டு வருவேன், அவன் சூடான டயரில் உட்கார்ந்து என்னைப் பத்தில் நாலு வினாடி வித்தியாசத்தில் ஜெயிப்பான். "டயர் செமையா இருக்கே, நீ ஏன் திட்டிக்கிட்டே இருக்க?" என்பான். கடைசிப் போட்டியில் வரிசையை மாற்றினேன். முதல் ரன்னில் இரண்டு கோன் தட்டிவிட்டு வந்தவன் கதவைத் திறந்ததும் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு நான்தான் அவனைவிட வேகம்.

அதற்குப் பிறகும் வாங்கட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம்டா என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் இதே டயரில் புது செட் ஆர்டர் போட்டுவிட்டேன். அவனும் ஒரு செட் வாங்கித் தன் காரில் ஓட்டப் போய்விட்டால், காலையில் என் டயரைச் சூடாக்கித் தர யார் இருக்கிறார்கள்?